காது கேளாதோருக்கான சுழல்காற்று முன்னேற்பாடு

காது கேளாதோருக்கான சுழல்காற்று முன்னேற்பாடு என்பது, டொர்னாடோ எனப்படும் சுழல்காற்றின் எச்சரிக்கையைச் செவிப்புலன் அற்றோர் உரிய நேரத்தில் பெற்றுப் புகலிடம் அடைவதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1,200 சுழல்காற்றுகள் பதிவாகின்றன. எச்சரிக்கைக்குப் பின் பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கும்.

எச்சரிக்கை பெறுதல்

ஊர்களில் ஒலிக்கும் அபாயச் சங்கு இவர்களுக்குப் பயன்படாது. (அது வெளியில் இருப்போருக்காகவே அமைக்கப்பட்டது, வீட்டினுள் இருக்கும் எவரும் அதை நம்பியிருத்தல் நன்றன்று.) வானிலை வானொலிக் கருவிகள் சிலவற்றுடன் பளிச்சிடும் விளக்கையும், தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியையும் இணைக்கலாம். 2012 முதல் கைபேசிகளுக்கு அதிர்வுடன் கூடிய அவசரக் குறுந்தகவல்கள் அனுப்பப்படுகின்றன. ஆயினும் மேசைமேல் உள்ள கைபேசியின் அதிர்வு உறங்குபவரை எழுப்பும் என்பதற்கு உறுதியில்லை. கைபேசிக் கோபுரங்களும் செயலிழக்கக்கூடும். ஆகவே மின்கலத்திலும் இயங்கும் வானொலிக் கருவியையும் வைத்திருப்பது நல்லது.

புகலிடம்

நிலவறை சிறந்தது. அஃதில்லையெனில் கீழ்த்தளத்தில் சன்னலற்ற உள்ளறையை நாட வேண்டும். இடம்பெயர்த்தக்க இலகுவீடுகளில் தங்குதல் கூடாது.

மின்சாரம் நின்றால் இருளில் சைகை மொழியும் உதட்டசைவும் புலப்படா. எனவே கைவிளக்கு இவர்களுக்கு வழி காட்டும் பொருள் மட்டுமன்று, பேசுவதற்கான பொருளும் ஆகும். தாள், எழுதுகோல், காது கேட்கும் கருவிக்கான மாற்று மின்கலங்கள் ஆகியவற்றை நீர் புகாத பையில் முன்னரே வைத்தல் வேண்டும். இடிபாடுகளில் சிக்கியவர் மீட்புப் பணியாளரின் அழைப்பைக் கேட்க இயலாது. எனவே அழைப்புக்குக் காத்திராமல் இடைவிட்டு ஊதல் ஊத வேண்டும். தாம் ஒதுங்கும் அறை எது என்பதை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிவித்து வைப்பதும் தேடுதலை எளிதாக்கும்.