இளவரசர் போடாத கோட்டு

ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட்டை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட கம்பளித் துணியில், பின்பக்கம் அடுக்கடுக்காக மடிப்பு வைத்து, முழங்கால் வரை ஆண்கள் கட்டுகிற உடை. தப்பித்தவறி ‘பாவாடை’ என்று சொல்லிவிடாதீர்கள். நம் வேட்டியைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான்.

கில்ட்டை எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு மேலே போடுகிற கோட்டைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

என் நண்பர் ஒருவர் கவனித்தார். எடின்பரோவில் அவர் மகனுக்குக் கல்யாணம். பெண் அந்த ஊர்க்காரப் பெண். மாப்பிள்ளையின் அப்பாவும் கில்ட் கட்டவேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்பட்டார்கள். நண்பர் அங்கேயே ஒரு கடையில் கோட்டு வாங்கினார். கடை வாசலில் ஸ்காட்லாந்துக் கொடி, உள்ளே பேக்பைப் சங்கீதம். அறைக்கு வந்து உள்பாக்கெட்டைப் புரட்டினால் குட்டியாக ஒரு லேபிள். மேட் இன் பாகிஸ்தான்!

“ஏமாந்துட்டேன் சார்” என்று போனில் புலம்பினார்.

“தையல் எப்படி இருக்கு?”

“தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் இல்லையே!”

ஒரிஜினல். இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவோம், வாருங்கள்.

பழைய காலத்து ஹைலாண்டர் கட்டியது இன்றைய கில்ட் அல்ல. ஒரு நீளமான கம்பளி. பாதியை இடுப்பில் சுற்றி பெல்ட் போட்டு, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார். குளிருக்குப் போர்வையும் அதுதான். 1720-களின் கடைசியில் தாமஸ் ராலின்ஸன் என்கிற ஆங்கிலேயர் ஹைலாண்ட்ஸில் இரும்பு உலை நடத்த வந்தார். இவ்வளவு துணியைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் மரம் வெட்டுவதையும் உலையில் வேலை செய்வதையும் பார்த்து, மேல்பாதியை வெட்டிவிட்டு கீழ்ப்பாதியை மட்டும் தைக்கச் சொன்னாராம். இந்தக் கதையை ஒத்துக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் தேசிய உடையை ஓர் ஆங்கிலேய முதலாளி கண்டுபிடித்தார் என்றால் யாருக்குத்தான் ஜீரணமாகும்?

பிறகு வந்தது 1746. பறிபோன சிம்மாசனத்தைத் தன் குடும்பத்துக்கு மீட்டுத் தருவதற்காக இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட், செல்லமாக ‘பானி பிரின்ஸ் சார்லி’, ஹைலாண்டர்களைத் திரட்டிப் போரிட்டு, கல்லோடன் என்ற இடத்தில் தோற்றுப்போனார். ஜெயித்த அரசாங்கம் உடை மீதே கை வைத்தது. கில்ட் கட்டினால் ஆறு மாதம் சிறை. மறுபடி கட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தால் மட்டும் கட்டலாம்! 1780-ல் மெட்ராஸில் வந்து இறங்கி, ஐதர் அலியோடு மோதிய மக்லியாட் ஹைலாண்டர் படையின் ஒரு பிரிவு, காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் சிக்கிச் சிதைந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு ராணுவ உடையாக கில்ட் உண்டு. ஊரில் இருந்த அவர்களின் அண்ணன் தம்பிகள் அதைக் கட்டினால் சட்டப்படி குற்றம். 1782-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

1822-ல் காட்சி தலைகீழ். மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். விழா ஏற்பாடு, நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட். மன்னர் தலை முதல் கால் வரை ஹைலாண்ட் உடையில் வந்து நின்றார். அந்த அலங்காரத்துக்கு ஆன பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். அந்தக் காலத்தில் அது ஒரு சொத்து. கல்லோடனில் ஹைலாண்டர்களை நசுக்கிய தளபதி யார் தெரியுமா? இதே மன்னரின் சின்னத் தாத்தா! சின்னத் தாத்தா ஒழிக்கப் பார்த்த உடையை பேரன் ஃபேஷன் ஆக்கிவிட்டார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நெசவாளருக்கும் தையல்காரருக்கும் யோகம்.

இன்றைக்குக் கல்யாணங்களில் போடும் கறுப்புக் கோட்டுக்குப் பெயர் ‘பிரின்ஸ் சார்லி’. பளபளக்கும் காலர், வெள்ளி நிறப் பட்டன், பின்னால் குட்டியாக இரண்டு வால். அந்த இளவரசர் இதைப் போட்டதே இல்லை. அவர் 1788-ல் ரோமில் செத்து, நூறு வருஷம் தாண்டித்தான் இந்தக் கோட்டே வந்தது. பழைய ராணுவக் கோட்டின் கட்டிங்கைத் தையல்காரர்கள் மாற்றி, விற்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், இதில் எது ஒரிஜினல்?

சரி, பாகிஸ்தான் எப்படி உள்ளே வந்தது? ஊர் பெயர் சியால்கோட். ஜம்முவுக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப்புறம். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவ முகாம் இருந்த ஊர். ராணுவம் என்றால் பேண்டு வாத்தியம், பேக்பைப், சீருடை, பொழுதுபோக்குக்கு கிரிக்கெட்டும் டென்னிசும். எல்லாவற்றையும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்த உள்ளூர்க் கைகள், பிறகு செய்யவே ஆரம்பித்தன. 1947 பிரிவினையில் சியால்கோட் தொழிலாளர்களில் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் அகதிகளாக வந்தார்கள். இன்று அந்த இரண்டு ஊர்களும் விளையாட்டுச் சாமான்களுக்குப் பேர் போனவை என்றால் அதற்கு இது முக்கியக் காரணம். அங்கேயே தங்கியவர்கள் கால்பந்து, அறுவை சிகிச்சைக் கருவி, பேக்பைப், கில்ட், கில்ட் கோட்டு என்று உலகத்துக்கே அனுப்புகிறார்கள். 2014 உலகக் கோப்பையில் உதைபட்ட ‘பிரசூக்கா’ பந்து சியால்கோட்டில் தயாரானது.

‘அப்படியென்றால் சியால்கோட் கோட்டு எல்லாமே நல்ல சரக்கா?’ என்று கேட்பீர்கள். இல்லை. மட்டமான சரக்கும் ஏராளம். உலகக் கோப்பைக்குப் பந்து செய்யத் தெரிந்த ஊருக்குக் கோட்டு தைக்கத் தெரியாதா? தெரியும். ஆர்டர் கொடுக்கிறவர் ‘இந்த விலைக்குள் முடி’ என்கிறார். அந்த விலைக்குள் என்ன துணி, எத்தனை மணி நேரத் தையல் அடங்குமோ அதுதான் வரும். நான் பி.காம். படித்தவன். எனக்கு இதில் ரகசியம் எதுவும் தெரியவில்லை. காஸ்டிங் கணக்குதான்.

ஆகவே லேபிளை விடுங்கள். கோட்டைப் பாருங்கள்.

முதலில் நீளம். கில்ட், தொப்புள் உயரத்தில் கட்டுவது. அதனால் கோட்டு இடுப்போடு நிற்கவேண்டும். சாதாரண கோட்டைக் கொஞ்சம் வெட்டி விற்றால் மடிப்பை மறைத்துக்கொண்டு தொளதொளவென்று தொங்கும்.

அடுத்து துணி. நல்ல கோட்டு முழுக் கம்பளி. மலிவில் அக்ரிலிக், பாலியெஸ்டர் கலப்பு. உள்தையலிலிருந்து துணியின் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனையோடு பொடியானால் கம்பளி. உருகி உருண்டையானால் பாலியெஸ்டர்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். மார்புப் பகுதியில் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு கேன்வாஸ் உண்டு. அதை நூலால் தைத்தால் கோட்டு உடம்போடு பழகும். பசை வைத்து ஒட்டினால் (நம் டெய்லர்கள் ‘ஃப்யூசிங்’ என்பார்கள்) செலவு குறைவு. ஒட்டியது மட்டமாக இருந்தால் நாலு டிரை கிளீனிங்கில் அப்பளம் மாதிரி கொப்புளம் கிளம்பும். கீழ்ப்பட்டன் பக்கத்தில் துணியை இரண்டு பக்கமும் கிள்ளி இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால் தைத்த கேன்வாஸ்.

அப்புறம் காஜாவில் பிசிறு இருக்கிறதா, பட்டன் உலோகமா, முலாம் பூசிய பிளாஸ்டிக்கா... இதெல்லாம் நம் தெரு முனை டெய்லரே சொல்லிவிடுவார்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். 6,000 ரூபாய் கோட்டு மூன்று விசேஷத்தில் பல்லிளித்தால், ஒரு தடவைக்கு 2,000. 30,000 ரூபாய் கோட்டு முப்பது தடவை வந்தால், ஒரு தடவைக்கு 1,000. ஒரே ஒரு கல்யாணத்துக்கா? வாடகைக்கு எடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களே நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஹாரிஸ் ட்வீட்’ முத்திரை இருந்தால், அந்தத் துணி ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், நெசவாளர் வீட்டிலேயே கையால் நெய்தது என்று அர்த்தம். 1993-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த முத்திரை துணிக்குத்தான். கோட்டை எங்கே தைத்தார்கள் என்று அது சொல்லாது.

நண்பரிடம் எல்லாச் சோதனையும் செய்து பார்க்கச் சொன்னேன். இழை பொடியானது. கேன்வாஸ் நழுவியது. காஜா சுத்தம். பட்டன் மட்டும் லேசு.

“அப்ப நான் ஏமாறலையா சார்?”

ஏமாந்தார்தான். அவர் கொடுத்தது, அதே ஊரில் அளவெடுத்துத் தைக்கிற கோட்டின் விலை. ஆனால் ஏமாற்றியவர் சியால்கோட் தையல்காரர் இல்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, உள்பாக்கெட்டில் தன் ஊர் பெயரையும் மறைக்காமல் வைத்து அனுப்பியிருக்கிறார். அதிகப்படியாக வாங்கிய காசு, வாசலில் தொங்கிய கொடிக்கு.