பால்வீதியை அளந்தவர்கள்

நிலவில்லாத இரவில், ஊர் விளக்குகளுக்கு அப்பால் நின்று அண்ணாந்து பார்ப்போமானால், வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வளைந்து கிடக்கும் வெண்பட்டை ஒன்று தென்படும். நம் முன்னோர் அதனை ஆகாய கங்கை என்றனர்; மேனாட்டார் பால்வீதி என்றனர். சூரியனும் பூமியும் நாமும் குடியிருக்கும் பெருவீடு அது. அவ்வீட்டை விட்டு எவரும் இதுவரை வெளியே சென்றதில்லை. அவ்வாறிருக்க, உள்ளே இருந்தபடியே மனிதர் அதன் உருவத்தை எவ்வாறு வரைந்தனர் என்பதையே இங்கு நான் சொல்ல விரும்புகிறேன்.

1610இல் கலீலியோ, வெண்மேகம் போலத் தோன்றும் அப்பட்டை எண்ணிறந்த விண்மீன்களின் கூட்டம் என்று தம் தொலைநோக்கியால் கண்டு வெளியிட்டார். அக்கூட்டத்தின் வடிவம் யாது, அதில் நாம் எங்கே இருக்கிறோம் என்ற கேள்விகளை அளவெடுத்துத் தீர்க்க முனைந்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஹானோவரில் பிறந்து, இங்கிலாந்தில் சங்கீதத்தால் பிழைத்து, தம் கையாலேயே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர் அவர். 1781இல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டு புகழ் பெற்றார். பின்னர் 20 அடி நீளத் தொலைநோக்கியை 600க்கு மேற்பட்ட திசைகளில் திருப்பி, ஒவ்வொன்றிலும் தெரிந்த விண்மீன்களை எண்ணினார். இரவெல்லாம் உடனிருந்து குறிப்பெடுத்து உதவியவர் அவர் தங்கை கரோலின். விண்மீன்கள் எங்கும் ஒரே நெருக்கத்தில் இருக்கின்றன என்றும், தம் தொலைநோக்கி கூட்டத்தின் எல்லைவரை எட்டுகிறது என்றும் கொண்டு, 1785இல் ஹெர்ஷல் ஒரு படத்தை வெளியிட்டார். அதில் பால்வீதி தட்டையானதொரு கூட்டம். சூரியன் அதன் நடுவுக்கு அருகே இருந்தது.

அவர் கண்டவற்றுள் ஒரு விசித்திரம் உண்டு. விருச்சிக ராசியில் ஓரிடத்தில் விண்மீன்களே தென்படவில்லை. வானில் இங்கே மெய்யாகவே ஓர் ஓட்டை இருக்கிறது என்று அண்ணன் வியந்ததைக் கரோலின் தம் முதுமையிலும் மறக்கவில்லை. அந்த ஓட்டையை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எண்ணிக்கை மட்டும் படத்துக்குப் போதாது. தொலைவும் தெரிய வேண்டும். அதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியெட்டா லீவிட் அம்மையார். காது கேளாமையால் துன்புற்றவர். புகைப்படத் தகடுகளை நாள்தோறும் பொறுமையுடன் ஆராய்ந்து வந்தார். செபீட் என்னும் விண்மீன்கள் முறைப்படி ஒளி கூடியும் குறைந்தும் துடிப்பவை. மெதுவாகத் துடிப்பது இயல்பிலேயே மிகுந்த ஒளியுடையது என்று 25 விண்மீன்களைக் கொண்டு 1912இல் அவர் காட்டினார். ஒரு விளக்கின் உண்மை ஒளி தெரிந்துவிட்டால், அது மங்கித் தெரியும் அளவைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் அன்றோ?

அந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் ஹார்லோ ஷேப்லி. கோளக் கொத்துகள் எனப்படும் விண்மீன் திரள்கள் வானில் பரவலாக இல்லாமல், தனுசு ராசியின் பக்கமே மிகுதியாகக் கூடியிருப்பதை அவர் கருதிப் பார்த்தார். மார்கழி விடியலில் பனி மூடிய ஊரில் நிற்பவருக்குச் சுற்றிலும் உள்ள சில விளக்குகளே தெரியும். தாமே ஊரின் நடுவில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் பனிக்கு மேலே எழுந்த கோபுரங்கள் ஒரே பக்கத்தில் தெரியுமானால், ஊரின் நடு அங்கேதான் என்று அறிவார். 1918இல் ஷேப்லி கண்டதும் அதுவே. சூரியன் நடுவில் இல்லை, ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. பூமியை நடுவிலிருந்து கோபர்நிக்கஸ் அகற்றினார். சூரியனை ஷேப்லி அகற்றினார். ஆயினும் பால்வீதியின் அகலம் 3,00,000 ஒளியாண்டு என்று அவர் கணித்தது, இன்று நாம் கொள்ளும் அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

பிழைக்கு ஒரு காரணம், ஹெர்ஷல் கண்ட ஓட்டையில் இருந்தது. பர்னார்டு என்ற அமெரிக்கர் வானின் கரிய இடங்களைப் படம் பிடித்து, 1919இல் அவற்றுள் 182 இடங்களைப் பட்டியலிட்டார். அவற்றுட் பல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் மேகங்கள் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. 1930இல் லிக் வானாய்வகத்தின் டிரம்ப்ளர், விண்மீன்களுக்கு இடையே நுண்ணிய தூசி பரவியிருக்கிறது என்று அளவெடுத்து நிறுவினார். ஓட்டை என்று எண்ணியது திரையாக இருந்தது! தூசி ஒளியை மங்கச் செய்வதால், அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதாகத் தோன்றியிருக்கிறது.

திரையை ஊடுருவ வழி என்ன? 1944இல், நெதர்லாந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது, வான் டி ஹுல்ஸ்ட் என்ற மாணவர் அதற்கு விடை கண்டார். வானியலறிஞர் ஊர்ட் தூண்டியதன்பேரில் அவர் செய்த கணக்கின்படி, வெளியில் மிதக்கும் ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை வெளிவிட வேண்டும். அது வானொலி அலை. நமது வானொலிப் பேச்சைச் சுமந்து வரும் அலைகளின் இனம். தூசி அதனைத் தடுக்காது. 1951இல் ஹார்வர்டில் யூவென், பர்செல் இருவரும் சன்னலுக்கு வெளியே நீட்டிய கொம்பு போன்றதொரு கருவியால் அவ்வலையைப் பிடித்தனர். சில வாரங்களில், ஜெர்மானியர் விட்டுச் சென்ற ராடார் தட்டு ஒன்றைக் கொண்டு டச்சுக்காரரும் பிடித்தனர். போருக்குச் செய்த கருவி வானத்தை அளக்கப் பயன்பட்டது.

நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதுபோல, வாயு மேகங்களின் ஓட்டத்துக்கேற்ப அவ்வலையின் நீளமும் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு மேகங்களைத் தனித்தனியே பிரித்து இடம் குறித்தனர். வடவானை டச்சுக்காரரும் தென்வானை ஆஸ்திரேலியரும் அளக்க, இரண்டையும் இணைத்த படம் 1958இல் வெளிவந்தது. பால்வீதியின் சுழன்ற கரங்கள் அதில் புலப்பட்டன.

2013 டிசம்பரில் ஐரோப்பியர் ஏவிய கையா என்னும் விண்கலம், 2025 ஜனவரி வரை ஏறத்தாழ 200 கோடி விண்மீன்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்தது. இன்று நாம் அறிந்த பால்வீதி, சுமார் 1,00,000 ஒளியாண்டு அகலமுள்ள வட்டு. நடுவில் நீண்டதொரு தண்டும், அதைச் சுற்றிக் கரங்களும் உடையது. மையத்திலிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் சூரியன் சுற்றி வருகிறது. ஆயினும் கையாவும் ஒளியைக் கொண்டே பார்த்தது. மையத்துக்கு அப்பாலுள்ள பாதியின் பெரும்பகுதி அதற்கும் மறைவே. ஆனால் அதன் அளவுகளைக் கொண்டு, அண்மையிலுள்ள தூசி மேகங்களையே அறிஞர் படமாக வரைந்திருக்கின்றனர்.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்வது ஒன்று. தூசி இருப்பதை உணராதவரை அது மனிதரை ஏமாற்றியது. உணர்ந்தபின் அதுவும் படத்தில் ஓர் இடம் பெற்றது. அந்தக் கரிய மேகங்களுக்குள்ளேதான் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. நாம் நிற்கும் இம்மண்ணும், 450 கோடி ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தூசி திரண்டு உருவானதே ஆகும்.