பகைவரும் போற்றிய இளவீரன்

ஒருவன் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணி அவன் பெருமையை அளத்தல் இயலாது. இருபத்தொரு வயதிலே களத்தில் மாண்ட அருண் கேத்தர்பாலின் சரிதம் இதற்குச் சான்றாகும்.

1950ஆம் ஆண்டு ஒக்தோபர் 14ஆந் திகதி பூனா நகரிலே பிறந்த அருண், 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய இராணுவத்தின் பூனாக் குதிரைப் படையில் அதிகாரியானார். ஆறு மாதங்களே கழிந்தன, யுத்தம் மூண்டது. டிசம்பர் 16ஆந் திகதி, பசந்தர் ஆற்றையடுத்த களத்திலே பாகிஸ்தானின் டாங்கிப் படை திரண்டு வந்து தாக்கியது. எதிர்த்து நின்ற அருணின் டாங்கி குண்டு பட்டுத் தீப்பற்றியது. வெளியேறுமாறு கட்டளை பிறந்தது. தாம் அகன்றால் எதிரிக்கு வழி திறந்துவிடும் என்பதை உணர்ந்த அவர், தமது பீரங்கி இன்னும் இயங்குகின்றதென வானொலியில் விடையிறுத்து, மேலும் ஒரு டாங்கியைத் தகர்த்தார். மறுமுறை குண்டு பாய்ந்தது, உயிர் பிரிந்தது. எதிரியோ வழி காணவில்லை.

பாரத நாடு அவருக்குப் பரம வீர சக்கரம் அளித்தது. தேசிய பாதுகாப்புக் கழகத்தின் அணிவகுப்பு மைதானம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

ஆயினும், இவற்றினும் மேலானதொன்று உண்டு. 2001ஆம் ஆண்டில் அவருடைய முதிய தந்தையார் தாம் பிறந்த மண்ணைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அங்கே அவரை விருந்தினராக ஏற்று உபசரித்த பிரிகேடியர் நாசர், அருணைச் சுட்டவர் தாமே என்பதை மறையாது கூறி, அவ்விளைஞரின் தீரத்தை வியந்து போற்றினார்.

இளைஞர்களே! பகைவர் வாயாலும் புகழப்படுவதன்றோ மெய்ப்புகழ்! பகைமை ஒரு நாள் தணியும். கடமை வழுவாதவன் பெயரோ என்றும் நிலைக்கும்.