எண்ணெயும் மருந்தும்: எஸ்ஸெக்ஸ் நாட்டுச் சபையொன்றின் வரலாறு

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் எவரும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நன்கறிவார். நோயாளியின் வீட்டிற்கு மூப்பர்கள் செல்வதும், எண்ணெய் பூசி மன்றாடுவதும் அங்கே சபையின் கடமையாகக் கூறப்படுகின்றன. இப்பகுதியை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்ள முயன்ற காரணத்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெற்றோர் பலர் தங்கள் குழந்தைகளின் மரணத்திற்குக் காரணமானவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்றனர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், பிள்ளைகளை நேசித்தவர்கள், வேதத்தை நேசித்தவர்கள். ஆகவே அவர்களது வரலாற்றை எளிதில் ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. அதனைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சபையின் தோற்றம்

இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1800ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜேம்ஸ் பான்யார்ட். செருப்புத் தைப்பது அவரது தொழில். குடிப்பழக்கத்திலிருந்து மனந்திரும்பி, வெஸ்லியன் சபையில் பிரசங்கியாராகி, பின்னர் அதனின்று விலகி, 1838ஆம் ஆண்டில் புதிய ஐக்கியம் ஒன்றை நிறுவினார். அதில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் வயல்களில் கூலிவேலை செய்த ஏழை மக்கள். அவர்கள் தங்களைப் ‘பெக்யூலியர் பீப்பிள்’ என்று அழைத்துக்கொண்டனர். இது 1 பேதுரு 2:9இல் வரும் தொடர். நம் தமிழ்த் திருமறையில் தேவனுக்குச் ‘சொந்தமான ஜனம்’ என்ற பொருளில் வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ‘விநோதமான’ என்ற பொருளும் உண்டு. இவர்கள் முதற்பொருளில் சூட்டிக்கொண்ட பெயர், ஊராரின் ஏளனத்திற்கும் வாய்ப்பாயிற்று.

இச்சபையார் யாக்கோபு 5:14, 15 வசனங்களை நோய்க்குரிய ஒரே வழியாகக் கொண்டனர். மூப்பர்கள் வருவார்கள், எண்ணெய் பூசுவார்கள், ஜெபிப்பார்கள், வீட்டார் நோயாளியை அன்போடு பராமரிப்பார்கள். மருத்துவரை அழைப்பது மட்டும் விசுவாசக் குறைவாகக் கருதப்பட்டது.

இந்நிலைப்பாடு தோன்றிய காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 1838இல் மருத்துவர் கையில் இருந்தவை யாவை? இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல், பாதரசக் கலவைகள் முதலியவையே. ஈதர் மயக்கமருந்தைக் கொண்டு செய்த அறுவை சிகிச்சை பலரறிய நடந்தது 1846இல்; கிருமிகளைத் தடுத்து அறுவை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். ஆகவே பான்யார்டின் காலத்து ஏழைக் குடும்பம் ஒன்று மருத்துவரை அழையாதிருந்ததால் இழந்தது பெரும்பாலும் அதிகமன்று. சில வேளைகளில் சிகிச்சையின் துன்பத்திற்குத் தப்பியதும் உண்டு.

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். அதே 1838ஆம் ஆண்டில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். ஒரே ஆண்டில், ஒரே திருமறையை வாசித்த இரு சாரார், ஒருவர் மருந்தை விலக்குவதையும் மற்றவர் மருந்தைச் சுமந்து கடல் கடப்பதையும் கீழ்ப்படிதலாகக் கண்டனர். எனவே விசுவாசம் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதன்று கேள்வி. விசுவாசம் எதைக் கேட்கிறது என்பதே கேள்வி.

2. நிறுவியவருக்கு வந்த சோதனை

1850களின் நடுப்பகுதியில் பான்யார்டின் சொந்தப் பிள்ளை நோயுற்றது. அவர் மருத்துவரை அழைத்தார். சபை அதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தலைமை அவர் கையைவிட்டுச் சாமுவேல் ஹாரட் என்பவரிடம் சென்றது. தான் கட்டிய சபையிலேயே மதிப்பிழந்த பான்யார்ட் 1863இல் மரித்தார்.

இந்நிகழ்ச்சியை அவரது வீழ்ச்சி என்று சபையார் எண்ணினர். நாம் அவ்வாறு எண்ண இயலுமா? போதகராக அவர் கற்பித்ததைத் தகப்பனாக அவரால் கைக்கொள்ள முடியவில்லை. போதனையைச் சோதித்தறியும் வாய்ப்பு அவ்விடத்தில் சபைக்குக் கிடைத்தது. சபையோ போதனையை ஆராயாமல் போதகரை நீக்கியது. அதன் விலையை அடுத்த ஐம்பது ஆண்டுகளில் குழந்தைகள் செலுத்தினர்.

3. நீதிமன்றத்தில் விசுவாசம்

1868இல் வாக்ஸ்டாஃப் என்னும் பெயருடைய தம்பதியர் இலண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பதினான்கு மாதக் குழந்தையொன்று நுரையீரல் அழற்சியால் மரித்திருந்தது. நீதிபதி வில்ஸ் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்: குழந்தைக்கு உணவு வேண்டும் என்பதில் கருத்து ஒன்றே, மருத்துவம் வேண்டுமா என்பதில் கருத்துகள் பல இருக்கலாம். உண்மையான நம்பிக்கையோடு நடந்த பெற்றோரைக் குற்றவாளிகள் எனல் அரிது என்ற இவ்வழிகாட்டலின் பேரில் அவர்கள் விடுதலை பெற்றனர்.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஏழையர் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தியது. பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளைக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றோடு மருத்துவ உதவியையும் வேண்டுமென்றே அளிக்காமல், அதனால் பிள்ளையின் உடல்நலத்திற்குக் கேடு விளைவித்த பெற்றோர் தண்டனைக்குரியவராயினர். 1875இல் டவுன்ஸ் என்னும் தகப்பனார் இச்சட்டத்தின் அடிப்படையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவருடைய நோக்கம் நல்லதே என்பது அவரைக் காக்கவில்லை.

1898இல் சீனியர் என்பவரின் வழக்கு வந்தது. ஒரு வயது நிரம்பாத அவரது குழந்தை வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் மரித்தது. மற்ற எல்லாவற்றிலும் அவர் அன்பும் பொறுப்புமுள்ள தகப்பனார் என்பது சாட்சியங்களால் விளங்கிற்று. தலைமை நீதிபதி ரஸ்ஸல் பிரபு, 1894ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்குத் தீய எண்ணம் தேவையில்லை, அறிந்து துணிந்து செய்தாலே போதும் என்று விளக்கினார். தண்டனை உறுதியாயிற்று.

முப்பது ஆண்டுகளில் சட்டம் தலைகீழாக மாறியது என்று தோன்றலாம். உண்மையில் அதற்கு இடையே மருத்துவமும் மாறியிருந்தது. 1868இல் மருத்துவத்தைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம் என்று ஒரு நீதிபதி நேர்மையாகச் சொல்ல முடிந்தது. நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறு சொல்ல இயலவில்லை. 1890இல் பெரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவரும் டிப்தீரியாவுக்கு எதிரான சீரம் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். சில ஆண்டுகளில் அது மருத்துவமனைகளில் பயன்பாட்டிற்கு வந்து, தொண்டையடைத்துச் சாகவேண்டிய குழந்தைகளைப் பிழைக்கச் செய்தது. 1838இல் மருந்தை மறுத்தலும் 1898இல் மருந்தை மறுத்தலும் வெளித்தோற்றத்தில் ஒரே செயல். அறநெறியில் அவை ஒன்றல்ல. தாம் மாறாதிருப்பதையே உண்மையாயிருத்தல் என்று கருதிய சபை, தன்னைச் சுற்றி மாறியதைக் காணத் தவறியது.

4. சபைக்குள் பிளவு

1910ஆம் ஆண்டில் எஸ்ஸெக்ஸில் டிப்தீரியா பரவியது. சபையாரின் குழந்தைகளும் அதற்கு இரையாயினர். பெற்றோர் சிறை சென்றனர். இதன்பின் சபை பிளந்தது. மருத்துவத்தை அறவே விலக்கியோர் பழைய பிரிவினர் என்றும், தயக்கத்தோடேனும் அதற்கு இடங்கொடுத்தோர் புதிய பிரிவினர் என்றும் வழங்கப்பட்டனர். 1930களில் பிளவு ஆறியபோது புதிய பிரிவினரின் கருத்தே நிலைத்தது. 1956இல் இச்சபைகள் தங்கள் பழைய பெயரையும் மாற்றி, சுவிசேஷச் சபைகளின் ஐக்கியம் என்ற பெயரை ஏற்றன. ஜெபத்தை அவர்கள் கைவிடவில்லை; மருத்துவரை அழைப்பது பாவம் என்ற எண்ணத்தைக் கைவிட்டனர்.

சிறைத்தண்டனை மட்டும் இம்மாற்றத்தை உண்டாக்கியிருக்குமா என்பது ஐயமே. விசுவாசத்திற்காகச் சிறை செல்வதை இரத்தசாட்சிகளின் வழியாக எண்ணுவோரைச் சிறை திருத்தாது. ஆனால் இரத்தசாட்சி தன் உயிரைக் கொடுக்கிறான், பிறர் உயிரையன்று. 1944இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், பிள்ளையைத் தெருவில் சமய நூல் விநியோகிக்கச் செய்தது பற்றிய வேறொரு வழக்கில், இக்கருத்தையே வலியுறுத்தியது: பெற்றோர் தாம் இரத்தசாட்சிகளாகலாம், தாமே முடிவுசெய்யும் வயது வராத பிள்ளைகளை அவ்வாறு ஆக்க அவர்களுக்கு உரிமையில்லை. யெகோவாவின் சாட்சிகள் 1945 முதல் இரத்தம் ஏற்றுவதை மறுத்து வருவதால் எழும் வழக்குகளிலும், வயது வந்தோரின் மறுப்பை மதித்து, குழந்தைக்காகத் தலையிடும் வழியையே பல நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன.

5. யாக்கோபு கூறுவது என்ன?

எஸ்ஸெக்ஸ் சபையாரின் பிழை வசனத்தை நம்பியதன்று. வசனம் சொல்லாததை அதனோடு சேர்த்ததே. எண்ணெய் பூசும்படி கூறும் யாக்கோபு, மருத்துவரை அழைக்கவேண்டாம் என்று எங்கும் கூறவில்லை. கிரேக்க மூலத்தில் அவர் கையாளும் சொல் ‘அலெய்ஃபோ’. இது தலைக்கு எண்ணெய் தடவுதல் போன்ற அன்றாடச் செயலுக்கும் வழங்குவது (மத்தேயு 6:17). தேவனால் அபிஷேகம் பெறுதலைக் குறிக்கப் புதிய ஏற்பாடு ‘க்ரியோ’ என்ற சொல்லைக் கையாளுகிறது (லூக்கா 4:18). பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு எப்போதும் காக்கப்படவில்லை. ஆகவே சொல்லை மட்டும் கொண்டு முடிவுகட்டலாகாது. எனினும் அக்காலத்தில் எண்ணெயே ஒரு மருந்து. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தது அதுவே (லூக்கா 10:34). ஏசாயா 1:6உம் புண்ணை ஆற்றும் எண்ணெயைச் சுட்டுகிறது.

மருத்துவத்தை விலக்குவோர் ஆசா அரசனைச் சான்று காட்டுவதுண்டு (2 நாளாகமம் 16:12). அங்கே கடியப்படுவது, அவன் கர்த்தரை விட்டு வைத்தியரை மட்டும் தேடியது. எசேக்கியாவுக்கோ, ஜெபம் கேட்கப்பட்ட பின்னரும் அத்திப்பழ அடை கட்டப்பட்டது (2 இராஜாக்கள் 20:7). பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா ஒரு வைத்தியன் (கொலோசெயர் 4:14). ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன என்ற எண்ணம் திருமறையிலிருந்து வந்ததன்று.

6. நமக்குரிய கடமை

இவ்வரலாறு தொலைவிலுள்ளது என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. நம் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், கிராமச் சபையொன்றில், காய்ச்சலால் கிடந்த ஒரு சிறுவனுக்காக ஜெபிக்க அழைக்கப்பட்டோம். பெற்றோர் மூன்று நாள் உபவாசத்தில் இருந்தனர். பையன் கழுத்தைத் திருப்ப முடியாமல் முனகிக்கொண்டிருந்தான். ஜெபித்தோம், எண்ணெய் பூசினோம், புறப்பட்டோம். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்ல நாவெழவில்லை. அவர்களுடைய விசுவாசத்தைக் குலைத்துவிடுவோமோ என்று அஞ்சினோம். நம்மை அவிசுவாசி என்று எண்ணுவார்களோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டு நாள் கழித்துத் தாய்மாமன் வந்து பையனைத் தூக்கிச் சென்றார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் பிழைத்தான், செவிப்புலன் போயிற்று. பல மாதங்களுக்குப்பின் அத்தகப்பனார் நம்மிடம், “ஐயா, அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனே” என்றார். அதில் கோபம் இல்லை. அதனாலேயே அது இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

எஸ்ஸெக்ஸ் மூப்பர்கள் மருத்துவம் வேண்டாம் என்று பேசினர், நாம் பேசாதிருந்தோம். நோயாளியின் கட்டிலருகே இரண்டும் ஒரே விளைவைத் தரக்கூடும். பெற்றோர் சட்டத்தின் குரலை அஞ்சலாம், மருத்துவரின் குரலை ஐயுறலாம். எண்ணெய்க் குப்பியோடு வரும் ஆயரின் குரலையோ சபையின் குரலாகவே கேட்கின்றனர். ஆதலால் நோயுற்றோரைச் சந்திக்கும் முறையைக் கற்கும் குருத்துவ மாணவர், ஜெபத்திற்கு முன்னரே மருத்துவரைப் பார்த்தாயிற்றா என்று கேட்கப் பழகவேண்டும். பார்க்கவில்லையெனில், ஜெபம் முடிந்ததும் வண்டிக்கு ஏற்பாடு செய்து, கூடவே செல்லவேண்டும். மருத்துவமனை வராந்தாவில் அக்குடும்பத்தோடு காத்திருப்பதும் யாக்கோபு மூப்பர்களுக்கு இட்ட பணியின் பகுதியே என்பது நம் துணிபு.