ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோ ஏன்? மார்பகப் புற்றுநோயில் எதிர்ப்பு செல்கள் செய்யும் வேலை!

"கட்டியை உடனே எடுக்காம, எதுக்கு மாசக்கணக்குல கீமோ?" 'டிரிபிள் நெகட்டிவ்' மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும், பல வீடுகளில் எழும் கேள்வி இது. காரைக்காலிலிருந்து சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரி ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு பஸ் ஏறும் குடும்பத்துக்கு, அது வீண் அலைச்சலாகக்கூடத் தோணலாம். ஆனா, அந்த மாதங்கள்லதான் முக்கியமான சிகிச்சையே நடக்குது.

அதென்ன டிரிபிள் நெகட்டிவ்?

ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள் இதில் இருக்காது. ஹெர்-2 புரதமும் அதிகமாக இருக்காது. அதனால், அவற்றைக் குறிவைக்கும் வழக்கமான மருந்துகள் பலன் தராது. வேகமாகப் பரவும் இந்த வகை, உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 சதவிகிதம். இந்தியாவில் இன்னும் அதிகம்.

கட்டியைச் சுத்தி என்ன நடக்குது?

கட்டிக்குள் புற்றுசெல்கள் மட்டும் இல்லை. ரத்தக்குழாய்கள், நார்த்திசு, நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாமே இருக்கும். எதிர்ப்பு செல்கள் நிறைய நுழைந்திருந்தால், கீமோ நல்லா வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பயாப்ஸி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே இதைக் கணிக்கலாம். சிலருக்கு நார்த்திசு வேலி மாதிரி நின்னு, 'டி-செல்களை' வெளியிலேயே தடுத்துடும். உள்ளே போனாலும், 'பிடி-எல்1' என்ற புரதத்தால் புற்றுசெல்கள் அவற்றுக்கு பிரேக் போடும்.

அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்து, பெம்ப்ரோலிசுமாப். கட்டி உள்ளே இருக்கும்போதே இதைக் கொடுத்தால், எதிரி யாருன்னு டி-செல்கள் நல்லா பழகிக்கும் என்பதுதான் கணக்கு. 1,174 பேர் பங்கேற்ற கீநோட்-522 ஆய்வில், கீமோவுடன் இதையும் பெற்றவர்களில் 86.6% பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 81.7%.

கைக்கு எட்டலைன்னா?

ஒரு டோஸே லட்ச ரூபாயைத் தாண்டும். பிரேக் விட்ட செல்கள் தைராய்டு, குடல், நுரையீரலையும் தாக்கலாம். மருந்து கிடைக்கலைன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. அந்த 81.7% பேரைக் காப்பாத்தினது கீமோவும் ஆபரேஷனும்தான்.

கட்டி எந்த அளவுக்குக் கரைஞ்சதுன்னு பார்த்துதான், ஆபரேஷனுக்குப் பிறகான மருந்தையும் டாக்டர் முடிவு செய்வார். அதனால, கட்டி சுருங்கிடுச்சுன்னு பாதியில பஸ் ஏறாம இருந்துடாதீங்க!