மட்டம் தட்டுறதுக்கு முன்னாடி



மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போனவங்க எல்லாரும் அங்க இருக்கிற புல்தரையைப் பார்த்திருப்பீங்க. கோயிலைப் படம் எடுப்போம், அலையைப் படம் எடுப்போம், காலுக்குக் கீழே இருக்கிற புல்லை யாரும் கவனிக்கிறதில்ல. நான் விவசாயி. எனக்குக் கண்ணு முதல்ல தரைக்குத்தான் போகும். உப்புக்காத்து அடிக்கிற மணல்ல இவ்வளவு மட்டமா ஒரு பச்சைத் தரை தானா வராது. யாரோ மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, தண்ணி விட்டு வளர்த்திருக்காங்க. இப்போ கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக பண்ணை வீடு, ரிசார்ட்டுன்னு எங்க பார்த்தாலும் இதே புல்தரைதான். எங்க பக்கத்துப் பசங்க பல பேர் கழனி வேலையை விட்டுட்டு இந்த வேலைக்குத்தான் போறாங்க. அதனால நிலத்தை மட்டம் பண்ற வேலையோட வரலாற்றை எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

கழனி மட்டம்

செங்கல்பட்டுச் சீமை ஏரிச் சீமை. நமக்குன்னு சொல்லிக்கிற பெரிய ஆறு பாலாறு ஒண்ணுதான், அதுவும் வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கும். அதனால மழைத்தண்ணியை ஏரியிலயும் தாங்கல்லயும் பிடிச்சு வச்சாங்க. மேல ஏரி நிரம்பினா கலங்கல் வழியா கீழ ஏரிக்குப் போகும். மதகு திறந்தா வாய்க்கால் வழியா கழனிக்கு வரும். இந்த ஏற்பாடு முழுக்க நிலத்தோட சரிவை நம்பித்தான் நிக்குது. எது மேடு, எது பள்ளம்னு தெரிஞ்சவன்தான் ஏரி கட்ட முடியும்.

ஏரித்தண்ணி கழனிக்குள்ள வந்ததும் கணக்கு மாறிடும். அங்க தண்ணி ஓடக்கூடாது, ஒரே சமமா நிக்கணும். மேட்டுல இருக்கிற நாத்து காயும், சுத்தி களை மண்டும். பள்ளத்துல இருக்கிற நாத்து மூழ்கி அழுகும். அதுக்காகத்தான் அண்டை வெட்டி, சேடை ஓட்டி, கடைசியில பரம்பு அடிக்கிறது. பரம்புன்னா ஒரு கனமான பலகை, அவ்வளவுதான். மாட்டைப் பூட்டி, மேல ஒரு ஆள் நின்னுக்கிட்டு சேத்து மேல இழுப்பாங்க. மேட்டுச் சேறு பள்ளத்துக்குப் போயிடும். இப்போ டிராக்டருக்குப் பின்னாடி லேசர் கருவி மாட்டி மட்டம் பண்றாங்க. ஆனா இன்னமும் கடைசித் தீர்ப்பு தண்ணிதான். கண்ணுக்கு மட்டமாத் தெரியிற கழனியில தண்ணி கட்டிப் பாருங்க, எங்க திட்டு இருக்குன்னு அது காட்டிக் கொடுத்துடும்.

ஒருத்தன் தன் கழனியை உசத்தினா பக்கத்துக்காரன் கழனி பள்ளமாயிடும். அதனால இது தனி ஆள் சமாசாரமா இருந்ததில்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை முறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதுதான். 30 குடும்புல இருந்து குடும்புக்கு ஒருத்தரா 30 பேரைத் தேர்ந்தெடுத்து, 12 பேரை சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் போட்டாங்க. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம்! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே தண்ணியும் நிலமும் ஊர்ப் பொறுப்புன்னு நம்ம பக்கத்து ஊர்ல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.

புல்தரை வந்த வழி

ஆனா அழகுக்காக ஒரு நிலத்தை மட்டம் பண்ணி, புல்லை மட்டும் வளர்க்கிற பழக்கம் நம்ம ஊர்ப் பழக்கம் இல்ல. நம்ம வீட்டு முன்னாடி இருந்தது சாணி தெளிச்ச வாசல், பின்னாடி தோட்டம். புல்தரை இங்கிலாந்துல பெரிய ஜமீன்தாருங்க மாளிகையில வளர்ந்த பழக்கம். 18-ஆம் நூற்றாண்டுல அங்க வீட்டு வாசல்ல இருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பச்சையா இருக்கணும்னு ஒரு மோகம். ஆடு மேய விட்டும், அரிவாளால அறுத்தும் புல்லைக் கட்டையா வச்சிருந்தாங்க.

அந்த மோகம் எவ்வளவு தூரம் போச்சுன்னா, டார்செட் பகுதியில ஜோசப் டேமர்னு ஒரு பிரபு, தன் மாளிகைப் பக்கத்துல இருந்த மிடில்டன்ங்கிற ஊரையே பார்வைக்கு இடைஞ்சல்னு இடிச்சுட்டார். குடும்பங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே மாதிரி வீடு வரிசையாக் கட்டிக் கொடுத்தார். 1780 வாக்குல கட்டின அந்தப் புது ஊர்தான் மில்டன் அபாஸ். இன்னைக்கு அது அழகான கிராமம்னு சுற்றுலாக்காரங்க போய்ப் பார்க்கிறாங்க. பழைய ஊர் இருந்த இடம் இப்போ மாளிகையைச் சேர்ந்த வெளி. மேடு பள்ளத்தோட சேர்த்து மனுஷனையும் மட்டம் தட்டின கதை இது.

1830-ல எட்வின் பட்டிங்னு ஒருத்தர் புல் வெட்டுற இயந்திரத்தைக் கண்டுபிடிச்சார். கம்பளித் துணி ஆலையில துணி மேல நிக்கிற பிசிறை வெட்டுற இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அந்த இயந்திரம் வந்தப்புறம்தான் சாதாரண வீட்டுக்காரங்களும் புல்தரை வச்சாங்க. இங்கயும் ஒரு விஷயம் கவனிக்கணும். அரிவாள் மேடு பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு போகும். உருளையில ஓடுற இயந்திரம் போகாது. மேட்டுல மண்ணை வழிக்கும், பள்ளத்துல புல்லை விட்டுடும். புல்தரைக்கு நல்ல மட்டம் வேணும்னு கட்டாயம் ஆனதுக்கு அந்த இயந்திரமும் ஒரு காரணம்.

வெள்ளைக்காரங்க கூடவே இந்தப் பழக்கம் மெட்ராஸ் பங்களாக்களுக்கு வந்துச்சு. அங்க 1835-ல வேளாண் தோட்டக்கலைச் சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. பழைய கட்டடங்களைச் சுத்தி புல்தரை போடுறதுக்குப் பெரிய உதாரணம் தாஜ்மகால். 1899-ல இருந்து 1905 வரைக்கும் வைஸ்ராயா இருந்த கர்சன் பிரபு காலத்துல, அங்க அடர்த்தியா இருந்த மரங்களைக் குறைச்சு, இங்கிலீஷ் பாணியில புல்வெளி ஆக்கினாங்க. மத்தியத் தொல்லியல் துறைக்குத் தனியாத் தோட்டக்கலைப் பிரிவே உண்டு. நினைவுச் சின்னம்னா சுத்திப் புல்தரைங்கிறது நாடு முழுக்க வழக்கமாச்சு. மாமல்லபுரமும் அதுல சேர்ந்தது. 2019 அக்டோபர்ல நம்ம பிரதமரும் சீன அதிபரும் இங்க வந்து உட்கார்ந்து பேசினப்போ உலகமே டிவியில பார்த்த பச்சை அதுதான்.

மேட்டுக்குள்ள என்ன இருக்கு?

கடற்கரைக் கோயில் ராஜசிம்மப் பல்லவன் கட்டினது, 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். அதைச் சுத்தி மணலை 1990-ல தோண்டினப்போ, கல்லுல செதுக்கின வராகமும், ஒரு குட்டிக் கோயிலும், கிணறும் வெளியே வந்துச்சு. அத்தனை காலமும் மேல நடந்தவங்களுக்கு அது வெறும் மணல்.

2004 சுனாமி சாளுவன்குப்பத்துப் பாறையில மறைஞ்சிருந்த கல்வெட்டை வெளியே கொண்டு வந்துச்சு. அங்க ஒரு முருகன் கோயில் இருந்ததா அதுல இருந்துச்சு. 2005-ல பக்கத்துல இருந்த சின்ன மேட்டைத் தோண்டினாங்க. உள்ள பல்லவர் காலக் கோயில், அதுக்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில். யாராவது முந்திக்கிட்டு அந்த மேட்டை ஜேசிபி விட்டு மட்டம் பண்ணியிருந்தா? செங்கல் ஜல்லியாப் போயிருக்கும்.

கடலோரம் மட்டும் இல்ல. மதுராந்தகம் பக்கம் சானூர்ல 1950-கள்ல தோண்டினது, வட்டமா கல் அடுக்கின பெருங்கற்காலத்து ஈமக்காடு. அந்த மாதிரி கல்வட்டம் நம்ம மாவட்டத்துல கரம்பு நிலத்துல அங்கங்க கிடக்கு. பார்க்கிறதுக்கு உழவுக்கு இடைஞ்சலான கல்லு, சின்ன மேடு. அதனால தெரியாத மேட்டைக் கண்டா முதல்ல கேக்கணும்: நீ ஏன் இங்க இருக்க? பானை ஓடோ, அடுக்கின கல்லோ, அகலமான பழைய செங்கல்லோ தெரிஞ்சா வேலையை நிறுத்திட்டு வி.ஏ.ஓ.கிட்ட சொல்லுங்க.

நம்ம மண்ணுல எப்படி மட்டம் பண்றது

புல்தரை வேலைக்குப் போற பசங்களுக்காக, கழனியில கத்துக்கிட்டதை வச்சுச் சொல்றேன்.

சித்திரை, வைகாசி வெயில்ல நிலத்தைக் கொத்தி, கோரைக் கிழங்கைப் பொறுக்கிடணும். கோரையை மேலோட அறுத்தா போதாது, கிழங்கு இருந்தா புல்லை மீறி வரும். அப்புறம் மேல் மண்ணை அரை அடி ஆழத்துக்கு ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, அடி மண்ணுல மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பணும். மேல் மண்ணைக் கடைசியா எல்லா இடத்துலயும் பரத்தணும். இதைச் செய்யாம மேட்டை மட்டும் சீவினா, அந்த இடத்துல உசிர் இல்லாத மண்ணுதான் மிஞ்சும், புல்லு சொட்டை விழும்.

ஆழமான பள்ளத்தை ஒரே தடவையில நிரப்பாதீங்க. கொஞ்சம் கொட்டி, தண்ணி விட்டு, மிதிச்சு, மறுபடி கொட்டணும். புது மண்ணு உக்காரும். ஆடி, ஆவணியில சாயங்கால மழை நாலு பெய்யட்டும். எங்க உள்வாங்குதுன்னு மழையே காட்டும். அதுக்கப்புறம் கொத்தனாருங்க வச்சிருக்கிற தண்ணிக் குழாய் மட்டத்தை வச்சு நூல் கட்டி, பலகை இழுத்துச் சரி பண்ணுங்க. ஆவணி கடைசியில புல்லு நட்டா ஐப்பசி அடைமழைக்குள்ள வேர் பிடிச்சுடும்.

கழனிக்கும் புல்தரைக்கும் ஒரே ஒரு வித்தியாசம். கழனியில தண்ணி நிக்கணும், புல்தரையில நிக்கக்கூடாது. வீட்டுச் சுவத்துல இருந்து வெளிப்பக்கமா பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு வேணும். கண்ணுக்கு மட்டம், தண்ணிக்குச் சரிவு.

புல்லு எதுன்னா, உப்புக்காத்துக்கு நம்ம அருகுக்கு மிஞ்சினது குறைவு. நாம கழனி வரப்புல கொத்திக் கொத்தி எறியிற, பிள்ளையாருக்கு வைக்கிற அதே அருகைத்தான் வெளிநாட்டுல பெர்முடா புல்லுன்னு விளையாட்டு மைதானம் முழுக்க வளர்க்கிறாங்க.

தண்ணி எங்க போகும்?

மனைக் கணக்கு தெரியாதவங்களுக்கு: 2,400 சதுர அடி ஒரு மனை. 24 மனை சேர்ந்தா ஒரு காணி. எங்க பக்கம் காணி காணியா இருந்த கழனி இப்போ மனை மனையா ஆயிடுச்சு. விக்கிறவனுக்கு ஒரு தேவை, வாங்குறவனுக்கு ஒரு ஆசை. அதை நான் குத்தம் சொல்லல. ஆனா காணி மனையானாலும் தண்ணிக்கு அது தெரியாது. அது பழைய வழியிலதான் வரும்.

என் கழனிக்குக் கிழக்கால ஒரு நிலத்தை வெளியூர்க்காரர் வாங்கி, லாரி லாரியா கிராவல் கொட்டி ரெண்டடி உசத்தி, புல்தரை போட்டார். அந்த நிலத்து ஓரமா ஒரு வடிகால் இருந்துச்சு. மண்ணு அதையும் மூடிடுச்சு. 2015 கார்த்திகை மழையில என் சம்பா பன்னிரண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னு, கதிர் வர்ற நேரத்துல அழுகிப்போச்சு. அவர் புல்தரையும் தப்பல. மதில் சுவரோரம் தண்ணி தேங்கிப் புல்லு கருகிடுச்சு. அங்க வேலை பார்த்தவர் பக்கத்து ஊரு விவசாயி மகன். அவர்தான் ஓனர்கிட்ட, "சார், இது பழைய வடிகால். இதைத் திறக்காம எத்தனை தடவை புல்லு வச்சாலும் நிக்காது"ன்னு சொன்னார். ரெண்டு சிமெண்ட் குழாய் பதிச்சாங்க. ஒரு நாள் வேலை. மறு வருஷத்துல இருந்து புல்லும் இருக்கு, என் நெல்லும் இருக்கு.

அந்த ஒரு நாள் வேலையை மண்ணு கொட்டுறதுக்கு முன்னாடியே செஞ்சிருந்தா என் ஒரு போகம் தப்பிச்சிருக்கும். இப்போ கேக்க தோட்ட வாரியமும் இல்ல, ஏரி வாரியமும் இல்ல. பக்கத்துக் கழனிக்காரனைக் கேக்கலாம் இல்லீங்களா? மட்டம் பண்ணப் போற நிலத்துல ஒரு நல்ல மழை நாள் குடை பிடிச்சுக்கிட்டுப் போய் நில்லுங்க. தண்ணி எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து ரெண்டு முளைக்குச்சி அடிச்சு வச்சுட்டு வாங்க. ஜேசிபிக்காரரை அதுக்கப்புறம் கூப்பிடலாம்.