கள்ளிப் பூச்சியும் இந்திரகோபமும்

செடியின்மேல் வாழும் சிற்றுயிர்களுள் இது பகை, இது துணை எனப் பகுத்தறிதல் உழவர்க்கே உரிய கலை எனக் கருதுவாருளர். சொற்பொருளை வரையறுக்கும் புலவர்க்கும் அஃது இன்றியமையாதது. ஒரு பூச்சியைப் பிறிதொரு பூச்சியாக மயங்கியதனால் கிழக்கிந்தியக் குழுவினரின் திட்டமொன்று வீணாயிற்று. அவ்வினப் பூச்சியைப் பற்றிய மற்றொரு மயக்கத்தால் நம் பழஞ்சொல் ஒன்றிற்கும் பிழையான பொருள் வழங்கி வருகிறது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியினம் அமெரிக்கக் கண்டத்திற்கே உரியது. பெண்பூச்சிக்குச் சிறகில்லை. அது முதிர்ந்தபின் கள்ளியின் மடலிலேயே ஒட்டிக்கொண்டு, வெண்மையான மெழுகுப் போர்வைக்குள் அசையாது கிடக்கும். அதனை நசுக்கினால் குருதி போன்ற செஞ்சாறு வெளிப்படும். மெக்சிகோ நாட்டு மக்கள் நெடுங்காலமாக அதனைப் பேணி வளர்த்துச் சாயம் எடுத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியர், அவ்வணிகத்தைத் தமக்கே உரியதாக வைத்துக்கொண்டனர். ஐரோப்பியச் சந்தையில் பெருவிலை பெற்ற அச்செஞ்சாயத்தைத் தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்திலேயே விளைவிக்கப் பிற நாட்டினர் விரும்பியது இயல்பே.

அவ்விருப்பம் சென்னையிலும் முளைத்தது. சென்னையில் தலைமை மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்குள்ள புல்லொன்றின்மேல் சாயம் தரத்தக்க பூச்சியைக் கண்டதாக 1786இல் இலண்டனிலிருந்த ஜோசப் பாங்க்ஸ் என்பாருக்கு எழுதினார். அப்பூச்சி சாயத்தொழிலுக்குப் பயன்படவில்லை. ஆயினும் அவர் முயற்சி ஓயவில்லை. உண்மைக் கொச்சினீலைப் பெறும் நாளை எதிர்நோக்கிச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனை அவருடைய மருமகன் முறையினரான ஆண்ட்ரூ பெர்ரி மேற்பார்த்தார். விருந்தினரைக் காணாமலே விருந்து சமைத்த கதையாக, பூச்சி வருமுன்னரே அதற்கு உணவாகும் செடி வளர்க்கப்பட்டது.

1795இல் படைத்தலைவர் நீல்சன் என்பார் பிரேசில் நாட்டு இரியோ டி ஜனைரோவிலிருந்து சில பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொணர்ந்தார். அவை உண்மைக் கொச்சினீலே என நம்பப்பட்டன. சென்னைக்கும் அவை அனுப்பப்பட்டன. ஆனால் வந்தது மெக்சிகோ மக்கள் பேணிய இனமன்று. அதனோடு உறவுடைய காட்டினமேயாகும். வேறுபாடு நுட்பமானது. வளர்ப்பினத்தின் உடலை மாப்போன்ற வெண்பொடி மூடியிருக்கும். காட்டினத்தையோ பஞ்சிழை போன்ற போர்வை மூடியிருக்கும். முன்னது பருத்தது, மிகுந்த சாயம் தருவது. பின்னது சிறியது, குறைந்த சாயம் தருவது. இவ்வேறுபாட்டை உரியவாறு எண்ணாமையால், பல்லாண்டு முயற்சியும் பெரும்பொருளும் பயனின்றி ஒழிந்தன.

ஆயினும் சாயத்திற்கு உதவாத அப்பூச்சி வேறொரு செயலைச் செய்தது. இந்நாட்டில் முன்னரே வேரூன்றிப் பரவியிருந்த சப்பாத்திக்கள்ளி வகையொன்றைத் தாக்கி, வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் அதனைப் பெரிதும் அழித்தது. அதனைக் கண்டோர், 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் தென்னாட்டிற்கும், 1860களில் இலங்கைக்கும் அதனைக் கொண்டுசென்றனர். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலக வரலாற்றில் காணப்படும் முதற்சான்றுகள் இவையே எனலாம். சாயம் தேடி வந்தோர்க்கு ஏமாற்றமாக அமைந்தது, நிலத்தை மீட்க விழைந்தோர்க்கு ஊதியமாயிற்று.

இப்பூச்சிக்கு அமைந்த பெயரும் எண்ணத்தக்கது. இலங்கையில் கிடைத்ததனைக் கொண்டு ஈ. ஈ. கிரீன் என்னும் பூச்சியியலறிஞர் 1896இல் அதற்குச் ‘சிலோனிகஸ்’ என்று பெயரிட்டார். தென்னமெரிக்காவில் பிறந்த உயிர் இன்றும் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்றே வழங்குகிறது. பெயர் கிடைத்த இடத்தையே பிறந்த இடமாகக் கொள்ளுதல் எத்துணைப் பிழைக்கு இடமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சிலோனிகஸ் எல்லாக் கள்ளிகளையும் உண்பதன்று. தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் மேய்ச்சல் வெளிகளிலும் முட்செறிந்து பரவிய மற்றொரு சப்பாத்திக்கள்ளி, நாகதாளி எனவும் வழங்குவது, அதற்கு இரையாகவில்லை. ஆகவே வேறோர் இனம் வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவினின்று 1924இல் இலங்கைக்கு வந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே, 1926இல் அங்கிருந்து இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அக்கள்ளிக் காடுகள் பெரும்பாலும் பட்டழிந்தன. அப்பொழுதும் அப்பூச்சி ‘டொமென்டோசஸ்’ என்னும் பிறிதோர் இனமாகவே பிழைபடக் குறிக்கப்பட்டது. பெயர் தவறினும் செயல் தவறாமை இம்முறை நற்பேறாயிற்று.

இனி, பகை நட்பு என்னும் பகுப்பு அவ்வுயிரின் இயல்பன்று, மாந்தரின் தேவையைப் பொறுத்ததே என்பதற்கும் இப்பூச்சியே சான்று. தென்னாட்டில் களையழித்த ஒபன்ஷியே, 2014இல் மொராக்கோ நாட்டில் காணப்பட்டபொழுது கொடும்பகையாயிற்று. அந்நாட்டு மக்கள் சப்பாத்திக்கள்ளியை வேலியாகவும் தீவனமாகவும் கனிதரு பயிராகவும் வளர்ப்பவர். அத்தகைய நாடுகளில் கொச்சினீலை உண்ணும் பொறிவண்டு நண்பனாகிறது. தென்னாப்பிரிக்காவிலோ கள்ளியை ஒழிக்கக் கொச்சினீல் விடப்பட்ட இடங்களில், அதனை உண்டு தீர்த்த பொறிவண்டே இடையூறாகக் கருதப்பட்டது. உயிர் ஒன்றே, உண்பதும் ஒன்றே. காண்பவர் நிற்கும் இடமே வேறு.

இவ்வரலாறு தமிழாராய்ச்சிக்கு எவ்வாறு பயன்படும் என்பது அடுத்த வினா. இந்திரகோபம் என்னும் சொல்லுக்கு மானியர் வில்லியம்ஸ் தம் வடமொழி அகராதியில் கொச்சினீல் என்னும் பொருளைத் தந்துள்ளார். அப்பொருளை அப்படியே மேற்கொள்வாரும் உளர். ஆனால் கொச்சினீல் இந்நாட்டிற்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு உணவாகும் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சங்க நூல்களிற் பயிலும் கள்ளி, பாலுடைய வேறொரு செடி. எனவே பழந்தமிழர் கோபம் என்றும் மூதாய் என்றும் குறித்தது கொச்சினீலாதல் இயலாது.

அகநானூற்று முல்லைப்பாட்டில் மழைபெற்ற செந்நிலத்தில் ஊர்வதாக மூதாய் கூறப்படுகிறது. அது முதன்மழையில் மண்ணினின்று வெளிப்படும் தம்பலப்பூச்சியே. அதற்குக் கால்கள் எட்டு. உடல் முழுதும் பட்டுப்போன்ற செம்மயிர் செறிந்தது. கொச்சினீலோ ஆறு காலுடைய பூச்சியினத்தது; நிலத்தில் ஊர்ந்து திரியாது; புறத்தே வெண்மை, அகத்தே செம்மை உடையது. காலம், இடம், உருவம் என்னும் மூன்றானும் இவை வேறுபடும்.

பொருள் மாறின் நயமும் கெடும். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிரின் ஆடைக்குக் கோபம் உவமையாகிறது. அவ்வாடை சாயத்தில் தோய்க்கப்படாமல் இயல்பிலேயே சிவந்தது என்பது ஆசிரியர் கருத்து. கோபத்தைச் சாயப்பூச்சியாகக் கொள்வோமாயின், தோயாத ஆடைக்குத் தோய்க்கும் சாயத்தையே உவமை கூறியதாக முடியும். தானே சிவந்து, மெல்லிய பட்டுப்போல் தோன்றும் தம்பலப்பூச்சியைக் கொண்டாலன்றோ நிறமும் மென்மையும் இயல்பும் ஒருங்கே பொருந்தும்!

ஆண்டர்சன் காலத்தவர் செந்நிறம் ஒன்றையே நோக்கிப் போர்வையை நோக்காது விட்டனர். அகராதியாரும் செந்நிறம் ஒன்றையே நோக்கி வாழிடத்தை நோக்காது விட்டனர். இருவர் பிழையும் ஒன்றே. பழநூல்களில் வரும் சிற்றுயிர்ப் பெயர்களுக்குப் பொருள் காண்போர், ஏட்டோடு நிலத்தையும், நிறத்தோடு காலத்தையும் வாழிடத்தையும் ஒருங்கு நோக்குவாராக. முதன்மழைக்குப்பின் செம்மண் நிலத்தில் குனிந்து பார்க்கும் மாணவனுக்கு, அகராதி தாராத உரையை அச்சிற்றுயிரே தரும்.